1915, 1930, சக்ஷு, ஆஸ்கி: ஏமாத்துனா எங்க சொல்றது, எது வேலைக்கு ஆகுது, என் ரிவியூ

ஆடி தள்ளுபடி சீசன் வந்தாலும் சரி, தீபாவளி பட்டாசு சீசன் வந்தாலும் சரி, எங்க ஏரியா வாட்ஸ்அப் குரூப்ல யாராவது ஒருத்தர் "பணம் போயிடுச்சு, எங்க கம்ப்ளைன்ட் பண்றது"னு கேப்பாங்க, உடனே ஆளாளுக்கு ஒரு நம்பர் போடுவாங்க, ஒருத்தர் 1915ம்பாரு, ஒருத்தர் 1930ம்பாரு, இன்னொருத்தர் நேரா ஸ்டேஷன் போங்கம்பாரு, கேட்டவங்க எதை எடுக்குறதுன்னு தெரியாம அப்படியே விட்டுடுவாங்க. அங்க போட்ட நம்பர் எல்லாமே சரியான நம்பர்தான், ஆனா ஒவ்வொண்ணுக்கும் வேலை வேற. வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும் சேத்து இந்த ரெண்டு நம்பர், மோசடி மெசேஜை சொல்ற சக்ஷு, தப்பான விளம்பரத்தை சொல்ற ஆஸ்கி (ASCI) ஒவ்வொண்ணையும் யூஸ் பண்ணி பாத்துட்டேன், அதனால எது எதுக்கு, எது நல்லா வேலை செய்யுது, எது செய்யலன்னு எழுதி வச்சுடலாம்னு தோணுச்சு.

முதல்ல ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கோங்க. என்கிட்ட பணம் வாங்குனவன் யாருன்னு எனக்கு தெரியுமா? பில்லு, கடை, கம்பெனி பேரு, ஜிஎஸ்டி நம்பர் ஏதாவது இருக்கா? இருந்தா 1915, அது நுகர்வோர் ஹெல்ப்லைன். ஆளே யாருன்னு தெரியல, பேஜை டெலிட் பண்ணிட்டு ஓடிட்டான், அக்கவுண்ட்ல இருந்து பணம் போயிடுச்சுன்னா சைபர் க்ரைம் ஹெல்ப்லைன் 1930, அதுவும் அந்த நிமிஷமே. இதை மாத்தி பண்ணா நேரம்தான் போகும், ஏன்னா 1915ல நீங்க சொல்ற புகாரை அவங்க அந்த கம்பெனிக்குதான் அனுப்புவாங்க, கம்பெனியே போலின்னா யாருக்கு அனுப்புறது?

1930 பத்தி முதல்ல சொல்லிடுறேன், அங்கதான் அவசரம் ஜாஸ்தி. மத்திய உள்துறை அமைச்சகத்தோட சைபர் க்ரைம் ஹெல்ப்லைன் இது. முன்னாடி 155260ன்னு இருந்துச்சு, பழைய ஃபார்வர்டு மெசேஜ்ல இன்னும் அந்த நம்பர் சுத்திட்டு இருக்கு, அதை நம்பாதீங்க. எங்க சித்தி பையன் போன தீபாவளிக்கு சிவகாசி விலையில பட்டாசுன்னு ஒரு வெப்சைட்ல ஆர்டர் போட்டான், லிஸ்ட் பாத்தா அவ்ளோ அழகா இருந்துச்சு, லட்சுமி வெடி, தரை சக்கரம், பூச்சட்டி எல்லாத்துக்கும் தனித்தனி போட்டோ, பழைய விலை அடிச்சு புது விலை, 80% தள்ளுபடி. ஜிபேல பணம் போட்டதும் "பார்சல் லாரில ஏத்தியாச்சு, லாரி வாடகை மட்டும் தனியா போடுங்க"ன்னு இன்னொரு தடவை கேட்டிருக்காங்க, அதையும் போட்டப்புறம் நம்பர் ஸ்விட்ச் ஆஃப். ஆன்லைன்ல பட்டாசு விக்கக்கூடாதுன்னு 2018லயே சுப்ரீம் கோர்ட் தடை போட்டாச்சு, தமிழ்நாடு சைபர் க்ரைம் போலீசும் 2024 தீபாவளிக்கு முன்னாடி இந்த போலி பட்டாசு சைட் பத்தி எச்சரிக்கை விட்டாங்க, ஆனா இன்ஸ்டா விளம்பரத்துக்கு கீழ அந்த எச்சரிக்கை வராதே.

அவன் 1930க்கு அடிச்சப்போ நான் பக்கத்துலதான் இருந்தேன். லைன் உடனே கிடைக்கல, கட்டாகி கட்டாகி அப்புறம்தான் எடுத்தாங்க, ஆனா எடுத்தவங்க தமிழ்ல நல்லா பொறுமையா பேசுனாங்க. கேட்டது இதுதான்: உங்க பேங்க் எது, எவ்ளோ பணம், எத்தனை மணிக்கு போச்சு, எந்த யூபிஐ ஐடிக்கு போச்சு, அந்த 12 இலக்க டிரான்சாக்ஷன் நம்பர் என்ன. இந்த 12 இலக்கம்தான் முக்கியம், ஜிபேல அந்த பேமென்டை தொட்டு உள்ள போனா யூபிஐ டிரான்சாக்ஷன் ஐடின்னு இருக்கும், அதை ஒரு பேப்பர்ல எழுதி வச்சுட்டு போன் போடுங்க, லைன்ல இருந்துகிட்டே அதே போன்ல தேடறதுக்குள்ள பதட்டத்துல கை நடுங்குது. பேசி முடிச்சதும் எஸ்எம்எஸ்ல ஒரு நம்பர் வரும், அதோட வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சுக்காதீங்க, 24 மணி நேரத்துக்குள்ள சைபர்க்ரைம் டாட் ஜிஓவி டாட் இன்ல போய் முழு புகாரையும் ஸ்கிரீன்ஷாட்டோட பதிஞ்சே ஆகணும்.

உள்ள என்ன நடக்குதுன்னா, உங்க புகார் ஒரு டிக்கெட்டா பணம் போய் சேந்த பேங்குக்கு போகுது, பணம் அந்த அக்கவுண்ட்லயே இருந்தா அங்கயே நிறுத்தி வச்சுடுவாங்க, அங்க இருந்து வேற பேங்குக்கு தள்ளிட்டான்னா டிக்கெட்டும் அங்க போகும், ஏடிஎம்ல எடுத்துட்டான்னா முடிஞ்சுது. அதனாலதான் முதல் ஒரு மணி நேரம் அவ்ளோ முக்கியம், "காலைல பாத்துக்கலாம்"னு தூங்குனா அந்த ராத்திரிலயே நாலு அக்கவுண்ட் தாண்டிடும். எங்க சித்தி பையனுக்கு முதல்ல போட்ட பணம் போனது போனதுதான், லாரி வாடகைன்னு ரெண்டாவதா போட்டது ஒரு அக்கவுண்ட்ல மாட்டி நின்னுச்சு. ஆனா நின்ன பணத்தை கையில வாங்குறது வேற கதை, ஸ்டேஷன், கோர்ட் ஆர்டர்னு இழுத்துக்கிட்டே போச்சு. நிறுத்துறதுக்கு 10க்கு 8 மார்க் குடுப்பேன், திருப்பி குடுக்குறதுக்கு 4 தான், அது இன்னும் வேகமாகணும், பணத்தை இழந்தவன்கிட்ட போய் பொறுமையா இருன்னு சொல்லக்கூடாது.

இதோட பேங்குக்கும் எழுத்துல ஒரு புகார் குடுத்துடுங்க. ரிசர்வ் பேங்க் 2017 ஜூலைல போட்ட சர்க்குலர் இருக்கு, தப்பு உங்க மேலயும் இல்ல, பேங்க் மேலயும் இல்ல, நடுவுல யாரோ பண்ணதுன்னா, பேங்குல இருந்து மெசேஜ் வந்து 3 வேலை நாளுக்குள்ள சொல்லிட்டீங்கன்னா உங்களுக்கு நஷ்டமே வரக்கூடாதுன்னு. ஓடிபியை நம்மளே குடுத்திருந்தா இது பொருந்தாது, ஆனா அப்பவும் நீங்க பேங்குக்கு தகவல் சொன்ன நேரத்துக்கு அப்புறம் போற பணம் பேங்கோட பொறுப்பு. பேங்க் 30 நாள்ல பதில் சொல்லலன்னாலோ, சொன்ன பதில் சரியில்லன்னாலோ ரிசர்வ் பேங்க் ஆம்பட்ஸ்மேன்கிட்ட (பேங்க் மேல வர்ற புகாரை விசாரிக்கிற அதிகாரி) போகலாம், 14448ல கேட்டா எப்படி போடறதுன்னு சொல்லுவாங்க, காசு கிடையாது.

இப்ப 1915. நேஷனல் கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன். எனக்கு இதுலதான் நல்ல அனுபவம் ஜாஸ்தி, அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். காலைல 8 மணில இருந்து ராத்திரி 8 வரைக்கும், தேசிய விடுமுறை தவிர எல்லா நாளும், தமிழ் சேத்து 17 மொழில பேசலாம். 8800001915ங்கிற நம்பர்ல வாட்ஸ்அப்லயும் போடலாம், ஆப் இருக்கு, கன்ஸ்யூமர்ஹெல்ப்லைன் டாட் ஜிஓவி டாட் இன்-ங்கிற வெப்சைட்டும் இருக்கு. கட்டணம் எதுவும் கிடையாது.

எங்க எதிர்வீட்டு அக்கா ஆடி மாசம் ஒரு கடையில பிரிட்ஜ் வாங்குனாங்க. பேப்பர் கூட வந்த நோட்டீஸ்ல பெருசா, "பிரிட்ஜ் வாங்கினால் இண்டக்ஷன் ஸ்டவ் இலவசம்"னு போட்டிருந்துச்சு. பில் போட்டு பணமும் கட்டினப்புறம் "ஸ்டவ் ஸ்டாக் தீந்துடுச்சு மேடம், வந்ததும் கூப்பிடுறோம்"னாங்க. மாசம் ஓடிப்போச்சு, கூப்பிடவே இல்ல, நேர்ல போனா "அது அந்த வாரத்துக்கு மட்டும் மேடம், நோட்டீஸ்லயே இருக்கே"ன்னு சொல்லிட்டாங்க. அக்கா அந்த நோட்டீஸை பத்திரமா வச்சிருந்தாங்க, அதுதான் அவங்களை காப்பாத்துச்சு. நான் வாங்கி பாத்தேன், "இலவசம்"ங்கிறது தமிழ்ல உள்ளங்கை அகலத்துக்கு இருக்கு, கண்டிஷன் மட்டும் இங்கிலீஷ்ல, கடைசி ஓரத்துல, கடையோட பிராஞ்ச் அட்ரஸுக்கு கீழ, லென்ஸ் வச்சு படிக்கிற சைஸ்ல.

இது தப்புன்னு சட்டத்துலயே இருக்கு. 2022 ஜூன்ல மத்திய அரசு, தப்பான விளம்பரத்தை தடுக்க ஒரு வழிகாட்டு விதி கொண்டு வந்தாங்க. அதுல, விளம்பரம் எந்த மொழில இருக்கோ கண்டிஷனும் அதே மொழில இருக்கணும், எழுத்தும் அதே மாதிரி இருக்கணும்னு சொல்லியிருக்கு. ஸ்டாக் கம்மியா இருக்குன்னா அதையும் தெளிவா சொல்லணும், குடுக்க வாய்ப்பே இல்லாத பொருளை காட்டி ஆளை உள்ள இழுக்கக்கூடாது. தமிழ்நாட்டுல ஆடி மாசம் வர்ற நோட்டீஸ்ல பாதியை இந்த விதியை வச்சு பாத்தா நிக்காதுன்னு நினைக்கிறேன், அடுத்த தடவை வர்ற நோட்டீஸை தூக்கி போடாம ஒரு தடவை திருப்பி பாருங்க.

அக்காவுக்காக 1915ல போட்டோம். போன்ல எடுத்த பொண்ணு தமிழ்ல பேசுச்சு, பில் தேதி, தொகை, கடை பேரு, என்ன வாக்கு குடுத்தாங்க, நீங்க என்ன கேக்குறீங்க, இவ்ளோதான் கேள்வி. இந்த கடைசி கேள்விக்கு தெளிவா பதில் சொல்லணும், "நடவடிக்கை எடுங்க"ன்னு பொதுவா சொன்னா வேலைக்கு ஆகாது, "ஸ்டவ் வேணும், இல்லன்னா அதோட விலை வேணும்"னு சொல்லணும். எஸ்எம்எஸ்ல டாக்கெட் நம்பர், அதாவது புகார் நம்பர் வந்துச்சு, நோட்டீஸ் போட்டோவையும் பில்லையும் அப்லோடு பண்ணோம். கொஞ்ச நாள்ல கடையில இருந்தே போன், "அக்கா நீங்க ஏன் அங்கெல்லாம் போனீங்க, எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே, வந்து ஸ்டவ் எடுத்துட்டு போங்க, அந்த கம்ப்ளைன்டை மட்டும் க்ளோஸ் பண்ணிடுங்க"ன்னு. அக்கா பொருளை வாங்கி, கடையிலயே பெட்டியை பிரிச்சு, ஆன் பண்ணி பாத்துட்டு அப்புறம்தான் க்ளோஸ் பண்ணாங்க. எல்லாரும் அப்படித்தான் பண்ணணும், பொருளோ பணமோ கைக்கு வர்றதுக்கு முன்னாடி திருப்தின்னு பதில் போடாதீங்க.

எல்லா நேரமும் இப்படி நல்லா முடியாது. 1915க்கு யாருக்கும் ஆர்டர் போடற அதிகாரம் கிடையாது, உங்க புகாரை கம்பெனிக்கு அனுப்பி பதில் வாங்குற வேலைதான் அவங்களுது. பெரிய கம்பெனிகள் ஆயிரத்துக்கும் மேல அவங்களோட டை-அப்ல இருக்கு, அந்த கம்பெனின்னா புகார் நேரா உள்ள போயிடும், பதிலும் சீக்கிரம் வரும். அந்த லிஸ்ட்ல இல்லாத சின்ன எடம்னா கஷ்டம்தான். எங்க தெருவுல ஒரு ஜிம் வருஷ பீஸ் மொத்தமா வாங்கிட்டு மூடிட்டு போனாங்க, அதுல 1915ல ஒண்ணும் நடக்கல, கடைசியா நுகர்வோர் ஆணையத்துக்கு, அதாவது கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கு போங்கன்னு சொல்லி முடிச்சுட்டாங்க. அந்த பதிலும் வீண் இல்ல, கேஸ் போடறப்போ நாங்க முன்னாடியே கேட்டு பாத்தோம்கிறதுக்கு அது ஒரு ஆதாரம்.

ஆணையத்துக்கு போக நம்ம ஆளுங்க ரொம்ப பயப்படுறாங்க, வக்கீலு, செலவு, அலைச்சல்னு. வக்கீல் கட்டாயம் இல்ல, நீங்களே பேசலாம். நீங்க குடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும்னா பீஸே கிடையாது. கம்பெனி மும்பைல இருந்தாலும் 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி நீங்க குடியிருக்குற ஊர் மாவட்ட ஆணையத்துலயே போடலாம், இது பெரிய விஷயம். 50 லட்சம் வரைக்கும் மாவட்டம்தான். பிரச்சனை நடந்து 2 வருஷத்துக்குள்ள போடணும். ஆன்லைன்ல போட முன்னாடி இ-தாக்கில்னு இருந்துச்சு, 2025 ஜனவரில இருந்து இ-ஜாக்ரிதின்னு புது போர்ட்டல். போர்ட்டல் மட்டும் எனக்கு திருப்தியா இல்ல, பைல் அப்லோடு பண்றப்போ பாதில லாகவுட் ஆகுது, அதனால எல்லாத்தையும் பிடிஎஃப்பா ரெடி பண்ணி வச்சுட்டு உக்காருங்க. 3 மாசத்துல முடிக்கணும்னு சட்டத்துல இருக்கு, நிஜத்துல அதை விட இழுக்கும்னு தெரிஞ்சுகிட்டே போங்க.

சரி, எனக்கு வர வேண்டியது வெறும் 50 ரூபாதானே, இதுக்கு போய் யார் போன் போடறதுன்னு கேப்பீங்க. இங்கதான் நான் உங்களை கெஞ்சி கேக்குறேன், அந்த 50 ரூபாயையும் 1915ல பதிவு பண்ணுங்க. 2025 ஆகஸ்ட்ல ஆட்டோ, பைக் டாக்ஸி ஆப்பான ராபிடோ மேல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் (நம்ம கேஸ் போடற மாவட்ட ஆணையம் இல்ல, இது வேற) 10 லட்சம் அபராதம் போட்டுச்சு. "5 நிமிஷத்துல ஆட்டோ, இல்லன்னா 50 ரூபாய்"னு விளம்பரம் பண்ணாங்க, குடுத்தது ரூபாய் இல்ல, ஆப்ல யூஸ் பண்ற காயின், அதுவும் 50 வரைக்கும்தான், அதுவும் பைக் டாக்ஸிக்கு மட்டும்தான், அதுவும் 7 நாளைக்குள்ள. கண்டிஷன் எல்லாம் கண்ணுக்கு தெரியாத சைஸ்ல. அபராதத்தோட, 50 ரூபாய் வராத கஸ்டமர்களுக்கு அந்த பணத்தை குடுங்கன்னும் உத்தரவு போட்டாங்க. அந்த ஆணையம் எடுத்து பாத்ததுல 1915ல வந்து குவிஞ்ச புகார்களும் ஒண்ணு. ஒருத்தர் 50 ரூபாய்க்கு புகார் போட்டா கம்பெனி கண்டுக்காது, நூத்துக்கணக்குல ஒரே மாதிரி புகார் வந்தா அது மேல வரைக்கும் போகுது. தப்பான விளம்பரத்துக்கு முதல் தடவை 10 லட்சம், மறுபடி பண்ணா 50 லட்சம் வரைக்கும் அபராதம் போடவும், அதுல நடிச்ச பிரபலத்தை ஒரு வருஷம் விளம்பரத்துலயே வரக்கூடாதுன்னு தடுக்கவும் இவங்களுக்கு அதிகாரம் இருக்கு. 1915ல பதிவாகுற எல்லாமே இவங்க கைக்கு போய் சேர வாய்ப்பு இருக்குன்னு நினைச்சு போடுங்க.

ஆஸ்கி பத்தி சுருக்கமா. விளம்பர கம்பெனிகளே சேந்து 1985ல ஆரம்பிச்ச அமைப்பு, அரசாங்கம் கிடையாது. விளம்பரத்தை மாத்த சொல்லுவாங்க, எடுக்க சொல்லுவாங்க, அவ்ளோதான், உங்களுக்கு பணம் வாங்கி தர மாட்டாங்க. இன்ஸ்டால காசு வாங்கிட்டு சொல்லாம பொருளை புகழுறவங்க, "100% வேலை உறுதி"ன்னு போடற கோச்சிங் சென்டர், இதுக்கெல்லாம் போடலாம், வெப்சைட்ல ஃபார்ம் நிரப்புறது சுலபம்தான். எனக்கு ரொம்ப கோவம் வர்றது சுகரை மூணே மாசத்துல விரட்டுறோம்னு ராத்திரி லோக்கல் சேனல்ல ஓடற விளம்பரம். சுகரை குணப்படுத்துறேன்னு விளம்பரம் பண்றதே 1954ல வந்த சட்டப்படி குற்றம். எங்க பெரியப்பா அதை நம்பி மாத்திரையை நிறுத்திட்டு காலுல புண்ணோட ஆஸ்பத்திரில கெடந்தாரு, அதை நேர்ல பாத்தவன் நான். பதஞ்சலி விளம்பர கேஸ்ல 2024ல சுப்ரீம் கோர்ட் விட்ட டோஸுல பேப்பர்ல மன்னிப்பு போட்டாங்க, அவ்ளோ பெரிய கம்பெனிக்கே அந்த நிலைமை, லோக்கல் சேனல் லேகியத்தை பத்தி ஏன் யாரும் புகார் பண்றதில்லன்னு எனக்கு ஆத்திரமா வருது. விளம்பரம் ஓடறப்போ போன்ல வீடியோ எடுத்து, சேனல், தேதி, நேரம் குறிச்சு வச்சு அனுப்புங்க.

சக்ஷு, இது டெலிகாம் துறையோட சஞ்சார் சாத்தி போர்ட்டல்ல 2024 மார்ச்ல வந்தது, இப்ப ஆப்லயும் இருக்கு. பணம் இன்னும் போகல, ஆனா "உங்க வீட்டு கரண்ட் இன்னைக்கு ராத்திரி 9:30க்கு கட், இந்த நம்பருக்கு கூப்பிடுங்க"ன்னு ஏதோ பத்து இலக்க மொபைல் நம்பர்ல இருந்து மெசேஜ் வருதுல்ல, அதை போடற எடம் இது. பணம் போயிட்டா இங்க வராதீங்க, 1930 போங்கன்னு அவங்களே அந்த பக்கத்துல எழுதியிருக்காங்க. ஸ்கிரீன்ஷாட், நம்பர், நேரம், உங்க ஓடிபி, ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுடும். குறை என்னன்னா, போட்ட புகார் என்ன ஆச்சு, அந்த நம்பரை கட் பண்ணாங்களான்னு எனக்கு எந்த தகவலும் வரல, அந்த ஒரு வரி பதில் வந்தா இன்னும் நாலு பேர் போடுவாங்க. அதே ஆப்ல நம்ம பேர்ல எத்தனை சிம் இருக்குன்னு பாக்குற வசதி இருக்கு, அதுக்காகவே இன்ஸ்டால் பண்ணலாம், எங்க அம்மா பேர்ல அவங்களுக்கே தெரியாத ஒரு நம்பர் இருந்துச்சு, அது என்னுது இல்லன்னு அங்கயே போட்டுட்டோம்.

மாசம் 10% வட்டி, நகை சீட்டு, டெபாசிட்டுன்னு மாட்டுனவங்க 1915க்கு போய் பிரயோஜனம் இல்ல. தமிழ்நாட்டுல அதுக்கு பொருளாதார குற்றப்பிரிவு போலீஸ் தனியா இருக்கு, முதலீட்டாளர் பாதுகாப்புக்கு 1997லயே தனி சட்டம் இருக்கு, அந்த சட்டத்துல கம்பெனி சொத்தை முடக்கி ஏலம் விட்டு பணத்தை பிரிச்சு குடுக்க முடியும். ரசீது, பாண்டு, ஏஜென்ட் அனுப்புன வாட்ஸ்அப் மெசேஜ் எதையும் அழிக்காதீங்க. "புகார் குடுத்தா உனக்கு பணம் வராது"ன்னு ஏஜென்ட் மிரட்டுவான், நம்பாதீங்க, புகார் லிஸ்ட்ல பேர் இல்லாதவங்கதான் கடைசில பணம் வாங்க திண்டாடுறாங்க.

இன்னொரு விஷயம், இதை கண்டிப்பா வீட்டு பெரியவங்ககிட்ட சொல்லுங்க. ஏமாந்தவங்களை தேடி வர்ற ரெண்டாவது கூட்டம் ஒண்ணு இருக்கு. "சைபர் க்ரைம்ல இருந்து பேசுறோம், உங்க பணம் கிடைச்சிடுச்சு, ரிலீஸ் பண்ண ஜிஎஸ்டி கட்டுங்க"ன்னு போன் வரும். 1930ம் சரி 1915ம் சரி, பணம் திருப்பி குடுக்க பணம் கேக்கவே மாட்டாங்க. அதே மாதிரி கஸ்டமர் கேர் நம்பரை கூகுள்ல தேடி முதல்ல வர்றதுக்கு போன் போடாதீங்க, மிக்ஸி ரிப்பேருக்கு அப்படி தேடி, "10 ரூபாய் மட்டும் போடுங்க"ன்னு வந்த லிங்கை தொட்டு அக்கவுண்டை காலி பண்ணவங்க எங்க தெருவுலயே இருக்காங்க. நம்பர் வேணும்னா பில்லுல, பொருளோட பெட்டில, இல்ல அந்த கம்பெனியோட சொந்த ஆப்ல எடுங்க.

மொத்தமா மார்க்: 1915க்கு 10க்கு 8, பெரிய கம்பெனின்னா 9. சக்ஷுவுக்கு 6, ஆஸ்கிக்கு 6. 1930க்கு மேலயே சொல்லிட்டேன். 1915ல மட்டும் ஒண்ணு மாத்தணும். போன்ல தமிழ்ல பேசுறாங்க, ஆனா போர்ட்டல்ல கம்பெனி போடற பதில் முழுக்க இங்கிலீஷ்லதான் வருது. எதிர்வீட்டு அக்காவுக்கு அந்த பதிலை நான்தான் படிச்சு சொன்னேன், படிச்சு சொல்ல ஆள் இல்லாத அக்காங்க "உங்க புகார் தீர்க்கப்பட்டது"ங்கிற எஸ்எம்எஸை பாத்துட்டு, தீரவே இல்லன்னாலும் விட்டுடுவாங்க. அப்படி தீராமலே க்ளோஸ் பண்ணிட்டாங்கன்னா பழைய டாக்கெட் நம்பரை வச்சு மறுபடி 1915க்கு போன் போடுங்க, அவங்ககிட்டயே கம்பெனி என்ன பதில் போட்டிருக்குன்னு தமிழ்ல படிச்சு காட்ட சொல்லுங்க, கேட்டா சொல்லுவாங்க.